குழந்தைக்கு ‘நம்ம ஆளு’, ‘வேற ஆளு’ என்பது எப்படித் தெரிகிறது? பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தைகள் கள்ளங்கபடம் இல்லாதவர்கள். சாதி, நிறம் எல்லாம் அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

கள்ளங்கபடம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கண்ணும் காதும் இருக்கிறதே. பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு எல்லா இனத்து முகமும் ஒன்றுதான். மூன்று மாதம் ஆகும்போது, தன்னைச் சுற்றி அதிகம் தென்படும் முகச்சாயலையே கூடுதல் நேரம் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. 2005-ல் இங்கிலாந்துக் குழந்தைகளிடம் இதைக் கண்டார்கள். மறு ஆண்டு வெளியான ஆய்வு இன்னும் சுவையானது. எத்தியோப்பியாவில் வளர்ந்த மூன்று மாதக் குழந்தைகள் கறுப்பு முகங்களை அதிகம் பார்த்தன. இஸ்ரேலின் வெள்ளைக் குடும்பக் குழந்தைகள் வெள்ளை முகங்களை அதிகம் பார்த்தன. எத்தியோப்பியாவிலிருந்து இஸ்ரேலுக்குக் குடியேறியவர்களின் குழந்தைகளோ தினமும் இரு நிறத்தவரையும் பார்த்து வளர்பவர்கள். அவர்கள் எந்தப் பக்கமும் சாயவில்லை.

ஆக, மூன்று மாதத்தில் இருப்பது வெறும் கண் பழக்கம். அதை வெறுப்பு என்று சொல்ல முடியாது. யாரைப் பார்த்துப் பழக வேண்டும் என்பதைக் குழந்தை தேர்ந்தெடுப்பதில்லை. எந்தத் தெருவில் குடியிருக்கிறோம், யார் வீட்டுக்குள் வருகிறார்கள் என்று பெரியவர்கள் எடுத்த முடிவுதான் அதைத் தீர்மானிக்கிறது.

நிறம்தான் முதலில் கண்ணில் படுமா?

பேச்சு அதைவிட வலுவானது. கேத்தரின் கின்ஸ்லர், எலிசபெத் ஸ்பெல்கி ஆகியோரின் 2007 ஆய்வில் பாஸ்டனிலும் பாரிஸிலும் 10 மாதக் குழந்தைகளுக்கு இரண்டு பெண்களைக் காட்டினார்கள். ஒருவர் ஆங்கிலம் பேசினார், இன்னொருவர் பிரெஞ்சு. பிறகு இருவரும் ஒரே மாதிரி பொம்மையை நீட்டினார்கள். குழந்தைகள் தங்கள் வீட்டு மொழி பேசியவரிடமிருந்தே வாங்க முனைந்தார்கள். 2009-ல் ஐந்து வயது வெள்ளை அமெரிக்கக் குழந்தைகளிடம் யாரோடு நட்பாக இருப்பாய் என்று கேட்டபோது, பேச்சைக் கேட்க விடாமல் படத்தை மட்டும் காட்டினால் வெள்ளைக் குழந்தையைக் காட்டினார்கள். குரலையும் சேர்த்துக் கேட்க வைத்ததும், வேற்று உச்சரிப்பில் பேசும் வெள்ளைக் குழந்தையை விட்டுவிட்டுத் தங்களைப் போலவே பேசும் கறுப்புக் குழந்தையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

திருப்பூர், கோவை, சென்னைப் புறநகர் அரசுப் பள்ளிகளில் பீகார், ஒடிசா தொழிலாளர்களின் பிள்ளைகளோடு வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். புதிதாக வந்த பிள்ளையின் தமிழ் தேறும்வரை மற்றவர்கள் தானாக ஒட்ட மாட்டார்கள். அதே சமயம், மொழி வந்துவிட்டால் பெரும்பாலான தூரம் கரைந்துவிடும் என்ற நல்ல செய்தியும் இதில் இருக்கிறது. ‘வடக்கன்’ என்ற சொல் வகுப்பறைக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்வது மட்டும் ஆசிரியரின் கையில்.

அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்பதைக் குழந்தை எந்த வயதில் புரிந்துகொள்கிறது?

படிப்படியாகத்தான். ஆலிசன் காப்னிக் குழுவினரின் 1997 சோதனையில் ஒரு பெரியவர் குழந்தையின் முன் உட்கார்ந்து பிஸ்கட்டைச் சுவைத்து முகம் சுளித்தார், ப்ரோக்கோலியைச் சுவைத்து ஆகா என்றார். பிறகு கையை நீட்டி “எனக்குக் கொஞ்சம் தா” என்றார். 14 மாதக் குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே கொடுத்தார்கள். 18 மாதக் குழந்தைகள் ப்ரோக்கோலியை எடுத்துக் கொடுத்தார்கள். எனக்குப் பிடிக்காதது உனக்குப் பிடிக்கலாம் என்பது அந்த நான்கு மாத இடைவெளியில் பிடிபடுகிறது.

அடுத்த பெரிய படி சுமார் நான்கு வயதில். ஹைன்ஸ் விம்மர், யோசப் பெர்னர் இருவரும் 1983-ல் செய்த சோதனை பிரபலமானது. மாக்ஸி என்ற சிறுவன் சாக்லேட்டை நீல அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதைப் பச்சை அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தை “பச்சையில்” என்று சொல்லும். அதற்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறது. நான்கு, ஐந்து வயதில் “நீலத்தில் தேடுவான், பாவம், அவனுக்குத் தெரியாதே” என்று சொல்லும்.

இது வயசானால் தானாக வந்துவிடும் ஒன்றும் இல்லை. காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகள் இந்தப் படியை வெகு தாமதமாகத்தான் எட்டுகிறார்கள். பெற்றோரே சைகை மொழி பேசுபவர்களாக இருந்தால் தாமதம் இல்லை. காரணம் காது அல்ல, பேச்சுதான்: ‘அவ ஏன் அழறா’, ‘தாத்தா என்ன நினைச்சிருப்பார்’ மாதிரியான பேச்சு வீட்டில் யாராவது குழந்தையோடு பேசியாக வேண்டும்.

கைக்குழந்தைக்கே நல்லவர், கெட்டவர் தெரியும் என்று படித்தேனே?

2007-ல் வந்த ஓர் ஆய்வு அப்படிச் சொன்னது. பொம்மலாட்டக் காட்சியில் இன்னொரு பொம்மையைத் தடுத்த பொம்மையைவிட, அதற்கு உதவிய பொம்மையையே குழந்தைகள் விரும்பின என்றது. பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து அதைத் திரும்பச் செய்து 2024-ல் வெளியிட்ட முடிவில் அந்த விருப்பம் தெரியவில்லை. இப்போதைக்கு அதை நம்பி எதுவும் பேச வேண்டாம்.

நாங்கள் வீட்டில் சாதி பற்றிப் பேசுவதே இல்லை. பிறகு பிள்ளைக்கு எங்கிருந்து வருகிறது?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். பதில்: பேசாததிலிருந்தே வருகிறது.

ஒரு வீட்டு அடுப்படியைப் பாருங்கள். வேலைக்கு வரும் அக்காவுக்குக் காபி கொடுக்கத் தனி டம்ளர். அது பாத்திர அடுக்கில் மற்ற டம்ளர்களோடு இருக்காது. பின்கட்டில், குழாயடித் திண்டில் கவிழ்த்து வைத்திருக்கும். யாரும் குழந்தையிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. குழந்தை தண்ணீர் குடிக்க அந்த டம்ளரை எடுக்கப் போகும்போது பாட்டி சட்டென்று கையைப் பிடிக்கிறார், வேறு டம்ளர் கொடுக்கிறார். அவ்வளவுதான். பாடம் முடிந்தது. அப்புறம் ஒருநாள் பிள்ளை பள்ளித் தோழனை வீட்டுக்குக் கூட்டி வருகிறான். “உள்ள வாப்பா” என்பதற்கு முன்னால் “உங்க வீடு எந்தத் தெரு? அப்பா பேரு என்ன?” என்று விசாரணை. பதில் கிடைத்ததும் குரல் மாறுகிறது, அல்லது முகம் மலர்கிறது. பையன் இரண்டையும் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

குழந்தைகள் இப்படித்தான் கற்கிறார்கள் என்பதை இத்தாலியில் லூயிஜி காஸ்தெல்லி குழு 2008-ல் சோதித்துக் காட்டியது. மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு வெள்ளையரும் ஒரு கறுப்பினத்தவரும் சந்திக்கும் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். சில காட்சிகளில் வெள்ளையர் இனிக்க இனிக்கப் பேசுவார், ஆனால் தள்ளி உட்கார்வார், கண்ணைப் பார்க்க மாட்டார். குழந்தைகள் பேச்சைக் கணக்கில் எடுக்கவில்லை. உடல் சொன்னதையே எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் 2012-ல் வெளியான இன்னொரு ஆய்வில், வெள்ளைத் தாய்மார்களில் பெரும்பாலோர் நான்கைந்து வயதுப் பிள்ளைகளிடம் இனத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று தெரிந்தது. அம்மாவின் மனதில் உள்ளதற்கும் பிள்ளையின் மனதில் உள்ளதற்கும் தொடர்பே இல்லை; அம்மா என்ன நினைக்கிறார் என்பதைப் பிள்ளைகளால் சரியாகச் சொல்லவும் முடியவில்லை. ஆனால் எந்த அம்மாவுக்கு வேற்று இன நண்பர்கள் அதிகமோ, அவர் பிள்ளையிடம் பாகுபாடு குறைவாக இருந்தது. நல்ல எண்ணம் உள்ளுக்குள் இருந்தால் போதாது. வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள், யார் வீட்டில் நாம் சாப்பிடுகிறோம் என்பதைத்தான் பிள்ளை பார்க்கிறது.

யாரும் தாழ்வாகப் பேசாமல், வெறுமனே பிரித்து உட்கார வைத்தாலே பாகுபாடு வந்துவிடுமா?

வரும். டெக்சாஸில் ரெபெக்கா பிக்ளர் 1997-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. கோடைக்காலப் பள்ளிக் குழந்தைகளுக்கு நீலம், மஞ்சள் டி-சட்டைகள் கொடுத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் நிறத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. மற்றவற்றில் நீலத்துக்கு ஒரு வரிசை, மஞ்சளுக்கு ஒரு வரிசை, தனித்தனி இருக்கை என்று நடத்தினார்கள். எந்த நிறம் உசத்தி என்று ஒருவரும் சொல்லவில்லை. சில வாரங்களில், நிறத்தைப் பயன்படுத்திய வகுப்புகளில் பிள்ளைகள் தங்கள் நிறத்தவரே மேல் என்று நினைக்கத் தொடங்கினார்கள். கண்டுகொள்ளாத வகுப்புகளில் அப்படி நடக்கவில்லை.

குழந்தைக்கு ‘ஏன்’ அடங்காது. பெரியவர்கள் இவ்வளவு மெனக்கெட்டுப் பிரிக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்க வேண்டும் என்று எண்ணுகிறது. நாம் காரணம் சொல்லவில்லை என்றால் தானே ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. நான்கைந்து வயதில் அதற்கு எட்டும் காரணம் எளிமையானது: ‘அவங்க பிறவியிலேயே அப்படி.’ ஊரும் காலனியும் தனித்தனியாக இருப்பதன் வரலாறு அதற்குத் தெரியாது. அடுத்தவர் மனதைக் கண்டுபிடிக்க உதவும் அதே அறிவுதான் இந்தத் தவறான முடிவுக்கும் வருகிறது.

‘அவங்க எல்லாம் அப்படித்தான்’ என்று பேச்சுவாக்கில் சொன்னால் என்ன ஆகிவிடும்?

மார்ஜரி ரோட்ஸ், சாரா-ஜேன் லெஸ்லி ஆகியோர் 2012-ல் இதற்கென்றே ‘ஜார்ப்பி’ என்ற கற்பனைக் கூட்டத்தை உருவாக்கினார்கள். படங்களில் அந்தக் கூட்டத்தில் எல்லா நிறத்தவரும், ஆணும் பெண்ணும், சிறியவரும் முதியவரும் இருந்தார்கள். நான்கு வயதுக் குழந்தைகளில் சிலருக்கு “இந்த ஜார்ப்பிக்குப் பூச்சி என்றால் பயம்” என்று படித்தார்கள், சிலருக்கு “ஜார்ப்பிகளுக்குப் பூச்சி என்றால் பயம்” என்று படித்தார்கள். இரண்டாவதைக் கேட்ட குழந்தைகள்தான் அது பிறப்பிலேயே வருவது, மாறாது, ஜார்ப்பிக்குப் பிறந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, இழிவான பேச்சுதான் கெடுக்கும் என்றில்லை. “அந்தச் சாதிக்காரங்க வியாபாரத்துல கெட்டி”, “பொண்ணுங்கன்னா பொறுமை” என்று புகழ்ந்தாலும் பிறப்பே குணம் என்ற நம்பிக்கைதான் ஊன்றுகிறது. ஒருவரைப் பற்றிப் பேசும்போது அந்த ஒருவரைப் பற்றி மட்டும் பேசுவது கைகொடுக்கும்: “குமார் அண்ணன் கணக்குல புலி.” கூட்டத்தை இழுக்காதீர்கள்.

பள்ளியில் பையன்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. இதிலுமா தப்பு?

கழிவறைக்கு வேண்டுமானால் சரி. மற்றதற்குத் தேவையில்லை. அமெரிக்க மழலையர் வகுப்புகளில் இரண்டே வாரம் பையன், பெண் என்று பிரித்து வரிசை நிறுத்தி, தனித்தனிப் பலகை வைத்தபோது, குழந்தைகளிடம் ஆண் வேலை, பெண் வேலை என்ற எண்ணம் கூடியது. சேர்ந்து விளையாடுவது குறைந்தது. 2017-ல் வந்த வேறொரு ஆய்வில், ‘ரொம்ப ரொம்பப் புத்திசாலி’ யார் என்று கேட்டால் ஐந்து வயதுப் பெண் குழந்தை பெண்ணையே காட்டியது. ஆறு, ஏழு வயதில் அது குறைந்துவிட்டது. பெண் பிள்ளைகள்தான் நல்ல மார்க் வாங்குகிறார்கள் என்பது அந்த வயதுச் சிறுமிகளுக்குத் தெரிந்தே இருந்தது என்பதுதான் வருத்தமான விஷயம்.

எந்த வயதில் பாகுபாடு உச்சத்தில் இருக்கும்? அது தானாகக் குறையுமா?

100-க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் பார்த்தபோது, ஐந்து முதல் ஏழு வயதில் கூடி, எட்டு முதல் பத்து வயதில் சற்றுக் குறைவது தெரிந்தது. அதற்குப் பிறகு எல்லோருக்கும் பொதுவான போக்கு என்று ஒன்று இல்லை, சூழல்தான் தீர்மானிக்கிறது.

தமிழ்நாட்டில் அந்தச் சூழல் என்ன செய்கிறது என்று நமக்குத் தெரியும். மாணவர்கள் சாதிக்கு ஒரு நிறமாகக் கையில் கயிறு கட்டி வருவதைப் பள்ளிக்கல்வித் துறையின் 2019 சுற்றறிக்கையே குறிப்பிட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் 12-ஆம் வகுப்பு மாணவரையும் அவரைக் காக்க வந்த தங்கையையும் அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் 610 பக்க அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை நீக்குவது ஆகியவற்றோடு, மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. சின்ன விஷயம் மாதிரித் தெரியும். அது சின்ன விஷயம் இல்லை என்பதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படித்தால் போதாதா?

ஒரே கட்டடத்துக்குள் இருப்பது போதாது. 1954-ல் ஓக்லஹோமாவில் முஸஃபர் ஷெரீஃப் 22 சிறுவர்களை முகாமில் இரு அணியாகப் பிரித்துப் போட்டி வைத்தார். கொடியைக் கொளுத்தும் அளவுக்குப் பகை முற்றியது. (ஆய்வாளர்களே எண்ணெய் ஊற்றினார்கள் என்ற விமர்சனம் உண்டு.) சமாதானமாக்கச் சேர்ந்து சாப்பிட வைத்தபோது சோற்றை ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். தண்ணீர்த் தொட்டி பழுதாகி எல்லோரும் சேர்ந்து சரிசெய்ய வேண்டி வந்தது, நின்றுபோன லாரியை எல்லோரும் இழுக்க வேண்டி வந்தது. அதன் பிறகுதான் பகை தணிந்தது. கூட்டங்களுக்கு இடையே பகை குறைய வேண்டுமானால் என்னென்ன வேண்டும் என்று அதே ஆண்டில் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் சொன்ன நிபந்தனைகளும் இவைதான்: சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டு உழைப்பு, மேலே இருப்பவர்களின் ஆதரவு.

டெல்லி அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 2007 முதல் அங்குள்ள தனியார் பள்ளிகள் பலவற்றில் ஏழைக் குழந்தைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. பின்னர் கல்வி உரிமைச் சட்டம் நாடு முழுக்க 25 சதவீதம் என்று ஆக்கியது. கௌதம் ராவ் அந்தப் பள்ளிகளை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார். ஏழைப் பிள்ளைகளோடு படித்த வசதியான பிள்ளைகள் கூடுதல் தாராள மனம் காட்டினார்கள், ஏழைப் பிள்ளையோடு விளையாட முன்வந்தார்கள். படிப்பில் ஆங்கில மதிப்பெண் சிறிது குறைந்தது, கணக்கிலும் இந்தியிலும் பாதிப்பு இல்லை. சில பள்ளிகளில் படிப்புக் குழுக்களைப் பெயரின் அகர வரிசைப்படி பிரித்திருந்தார்கள். அந்த வரிசை யாரை ஏழைப் பிள்ளையின் குழுவில் போட்டதோ, அவர்களிடம் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. யார் பக்கத்தில் யார் என்பதை நண்பர் வட்டம் முடிவு செய்யாமல் பெயர் வரிசை முடிவு செய்ததன் பலன் அது.

ஆதரவு என்ற நிபந்தனையையும் விட்டுவிடக் கூடாது. 2023-ல் கரூர் மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில், காலை உணவைச் சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதற்காகச் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. ஆட்சியர் நேரில் போய் அங்கேயே சாப்பிட்டார். பிள்ளைகளுக்கு அது ஆயிரம் உறுதிமொழியைவிடப் புரியும்.

வகுப்பில் ‘நீலக்கண், பழுப்புக்கண்’ பயிற்சியைச் செய்து பார்க்கலாமா?

வேண்டாம். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரலில், ஐயோவாவில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண் நிறத்தால் பிரித்து ஒரு பிரிவை உயர்த்தி நடத்தினார். அவர் நோக்கம் உயர்ந்தது. ஆனால் தெருவில் தினமும் அதை அனுபவிக்கும் பிள்ளையை வகுப்பிலும் அவமானப்படுத்தி எதுவும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அதற்குப் பதில், 1971-ல் டெக்சாஸின் ஆஸ்டினில் எலியட் அரன்சன் தொடங்கிய குழு முறையை எடுத்துக்கொள்ளலாம். பாடத்தைத் துண்டுகளாக்கி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு. மற்றவரிடம் கேட்காமல் யாராலும் பாடத்தை முடிக்க முடியாது. செலவே இல்லை.

பேருந்தில் என் மகள் சத்தமாக “அந்த ஆன்ட்டி ஏன் இவ்ளோ கறுப்பு?” என்று கேட்டாள். என்ன செய்வது?

வாயைப் பொத்தாதீர்கள். பொத்தினால் கறுப்பு என்பது சொல்லக் கூடாத குறை என்று பதிந்துவிடும். “ஆமா, அவங்க தோல்ல நிறம் தர்ற பொருள் கூட இருக்கு. உனக்குக் கொஞ்சம் குறைவு. தாத்தாவும் அந்த நிறம்தானே?” என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். அப்புறம் வீட்டுக்குப் போய், “வெயில்ல ஆடாதே, கறுத்துடுவே” என்பதை நிறுத்துங்கள்.

கென்னத் கிளார்க், மாமி கிளார்க் தம்பதி 1940-களில் மூன்று முதல் ஏழு வயதுக் கறுப்பினக் குழந்தைகள் 253 பேரிடம் வெள்ளைப் பொம்மை, பழுப்புப் பொம்மை காட்டிக் கேட்டார்கள். விளையாட வெள்ளைப் பொம்மை வேண்டும் என்றவர்கள் 67 சதவீதம். பழுப்புப் பொம்மைதான் பார்க்க மோசம் என்றவர்கள் 59 சதவீதம். அடுத்து, உன்னைப் போல இருப்பது எது என்று கேட்டபோது பெரும்பாலோர் அதே பழுப்புப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954 தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிளார்க்கின் ஆய்வையும் மேற்கோள் காட்டியது.

ஒன்றும் தெரியாத பிள்ளையிடம் சாதி பற்றிப் பேசினால் நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடாதா?

இந்தப் பயம் எல்லோருக்கும் இருக்கிறது. பிள்ளைக்குப் பாதி ஏற்கெனவே தெரியும், தவறான பாதி. அமெரிக்காவில் 2007-ல் வெள்ளைக் குழந்தைகளுக்குக் கறுப்பினத் தலைவர்களைப் பற்றி இரண்டு விதமாகப் பாடம் நடத்தினார்கள். ஒரு பிரிவுக்குச் சாதனைகள் மட்டும், இன்னொரு பிரிவுக்கு அவர்கள் அனுபவித்த கொடுமைகளும் சேர்த்து. கொடுமையையும் கேட்ட குழந்தைகளின் மனமே அதிகம் மாறியது. அம்பேத்கர் மேதை என்று மட்டும் சொல்லாமல், பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொட அவரை விடவில்லை என்பதையும் ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்லலாம். “அது தப்பு. இன்னும் சில இடத்துல நடக்குது. நம்ம வீட்ல நடக்காது.” அந்த வயதுக்கு இவ்வளவு போதும். கடைசி வாக்கியம் பொய்யாக இல்லாதபடி டம்ளரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒதுக்கப்படுவது என் பிள்ளை என்றால்?

முதலில், பிள்ளை சொல்வதை நம்புங்கள். “நீ கண்டுக்காதே, நல்லாப் படி” என்பது அக்கறையில் சொல்வதுதான், ஆனால் படிப்பையே அது தாக்குகிறது. உத்தரப் பிரதேசத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் ஆறு, ஏழாம் வகுப்பு மாணவர்கள் 642 பேருக்கு, வழி கண்டுபிடித்து வெளியேறும் சிக்குவழிப் புதிர்கள் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது தலித் மாணவர்களும் உயர்சாதி மாணவர்களும் ஒரே மாதிரி போட்டார்கள். எல்லோர் முன்னும் பெயர், அப்பா பெயர், சாதி என்று வாசித்த பிறகு தலித் மாணவர்கள் போட்ட புதிர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. வகுப்பில் எழுப்பி நிறுத்தி “உதவித்தொகைப் பிள்ளைங்க எல்லாம் கை தூக்குங்க” என்று கேட்கும் ஆசிரியர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பட்டியல் அலுவலகத்திலேயே இருக்கிறது.

பிள்ளையிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: தப்பு உன்னிடம் இல்லை, செய்தவர்களிடம். 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்கப் போன பட்டியல் சாதிக் குழந்தைகளிடம், ஊர்க்கட்டுப்பாடு, இனி உங்களுக்குத் தர மாட்டோம் என்று கடைக்காரர் சொல்லும் வீடியோ பரவியது. அவர் கைது செய்யப்பட்டார். சட்டம் இருக்கிறது என்பது பிள்ளைக்கும் தெரியட்டும்.

பள்ளியில் நடந்தால் தேதி, இடம், யார் என்ன சொன்னார்கள் என்று அன்றே எழுதி வையுங்கள். தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பள்ளி மாணவர் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098, வன்கொடுமைப் புகாருக்கு 14566. பிள்ளையின் படத்தையும் பெயரையும் மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். நல்லெண்ணத்தில் பகிர்பவர்களையும் தடுத்துவிடுங்கள்.